மருதமுத்துவைப் பரிசீலித்த துணைக்குழு

சோவியத் யூனியன் என்ற நாடு கலைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அது தன் கவிஞர்களுக்குச் செய்த கொடுமைகளை எங்கள் ஊர் மெர்லிமாவில் யாரும் இதுவரை முறைப்படி கண்டிக்கவில்லை. இந்தக் குறையைப் போக்கும் பொருட்டு ஜாசின் வட்டாரத் தமிழ் இலக்கிய மேம்பாட்டுக் கழகத்தின் செயலவை, சென்ற ஆண்டு ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடியது. பத்து மணிக் கூட்டம் என்பதால் பதினொன்றேகாலுக்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

நான் அந்தக் கழகத்தின் செயலாளர், ஹரிதாஸ். வாகனங்களுக்கு ரோட் டாக்ஸும் இன்சூரன்ஸும் புதுப்பித்துக் கொடுப்பது என் தொழில். கூட்டக் குறிப்பு எழுதுவது என் கலை. இரண்டு பேர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நின்றால் 'ஆரோக்கியமான கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது' என்று எழுதுவேன். ஒருவர் கதவை அறைந்துவிட்டுப் போனால் 'அன்னார் வேறு அலுவல் காரணமாக விடைபெற்றார்' என்பேன். பதினான்கு வருடமாக எங்கள் கழகத்தில் சண்டையே நடந்ததில்லை. சந்தேகம் இருந்தால் கோப்பைப் புரட்டிப் பாருங்கள்.

அன்றைய பொருள், ஆண்டுக் கருத்தரங்கிற்குத் தலைப்பு. தலைவர் கணேஸ்வரன் நகராண்மைக் கழகத்தில் முப்பத்தைந்து வருடம் விண்ணப்பப் பாரம் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மேசையைத் தட்டிச் சொன்னார்: "யாரு மனசும் புண்படாத தலைப்பா இருக்கணும். அதான் ஒரே கண்டிஷன்."

தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிப் பேசலாம் என்றேன். கல்வி இலாகா புண்படும் என்றார். தோட்டத்து வீடுகளைப் பற்றி? தோட்ட நிர்வாகம் புண்படும். கூட்டத்துக்கு ஆள் ஏற்றிவர பஸ் தருவது அவர்கள்தான். கோயில் சீரமைப்பு? மூன்று கோயில்களும் தனித்தனியாகப் புண்படும். பழங்கால மன்னர்களைப் பற்றிப் பேசலாமே என்றேன். மன்னர்களுக்கு இப்போது எல்லா ஊரிலும் சாதிக்காரர்கள் இருக்கிறார்கள், அது வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்போதுதான் காந்தன் தொண்டையைச் செருமினார். காந்தன் ஏர்கான் பொருத்துபவர். இளம் வயதில் மாஸ்கோவிலிருந்து மலிவாக வந்த தமிழ்ப் புத்தகங்களை அலமாரி நிறைய வாங்கி, அதில் பாதியைப் படித்தவர். எந்தப் பாதி என்பது அவருக்கே தெரியாது.

"சோவியத்த கண்டிப்போம்லா," என்றார் காந்தன். "போர்க்காலத்துல கவிஞர்ங்கள என்னா பாடு படுத்துனாங்க தெரியுமா? ஊரே செத்துக் கெடக்கு, ஒருத்தர் அழுது எழுதுறாரு. கமிட்டி கூப்ட்டு, ஏன்யா அழுவுற, வெற்றிய எழுதுன்னு சொல்லுது."

"அந்த நாட்டு ஆளுங்க யாராச்சும் நம்ம மேல புகார் குடுப்பாங்களா?"

"நாடே இல்ல தலைவரே. கலைச்சிட்டாங்க."

"ஆபீசு?"

"ஆபீசும் இல்ல."

தலைவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. 'போர்க்காலக் கவிதையும் அதிகாரச் சித்தாந்தமும்: சோவியத் அனுபவம்' என்ற தலைப்பு ஏகமனதாக நிறைவேறியது. முடிவில் ஒரு கண்டனத் தீர்மானம் போட்டு மாஸ்கோவுக்குத் தபாலில் அனுப்புவது என்றும் முடிவாயிற்று. பதிவுத் தபாலா, சாதாத் தபாலா என்பதில் மட்டும் நாற்பது நிமிடம் ஆரோக்கியமான கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது.

வெறும் பேச்சாக இருந்தால் கூட்டம் தூங்கிவிடும் என்று துணைத்தலைவர் திலகா டீச்சர் சொன்னார். டீச்சர் இப்போது பள்ளி விடுமுறைகளில் மோட்டிவேஷன் என்ற தன்முனைப்புப் பயிற்சியும் நடத்துகிறார், யாரைப் பார்த்தாலும் "யூ கேன்!" என்று தோளில் தட்டுவார். உள்ளூர் ஆள் யாராவது ஒரு போர்க்காலக் கவிதையை மேடையில் வாசிக்கட்டும், பிறகு அதிர்ஷ்டக் குலுக்கல் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. குலுக்கல் என்றதும் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கூப்பன்ல அடையாளக் கார்டு ஐ.சி.ல உள்ளபடி முழுப்பேரு எழுதணும். மேடையிலயும் முழுப்பேரதான் கூப்புடணும். போன வருசம் ரெண்டு முனியாண்டி வந்து ஒரே பிளெண்டரப் புடிச்சி இழுத்தத நான் மறக்கல."

கவிதை கேட்டு வாட்ஸாப் குழுவில் அறிவிப்புப் போட்டேன். முதல் நாளே முப்பத்தெட்டுப் பேர் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் அனுப்பினார்கள். கவிதை ஒன்றே ஒன்று வந்தது. எழுதியவர் புனிதா; ஜாசினில் ஒரு கிளினிக்கில் பெயர் பதியும் கவுண்டரில் வேலை செய்கிறவர். அவரே என் கடைக்கு மோட்டாரில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமல், காகிதத்தை நீட்டினார்.

மருதமுத்து என்று ஒருவர்
நியாலாஸ் பக்கத் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டினார்.
துரை ஓடிப்போனார். ஜப்பான்காரர் வந்தார்.
மூன்றே மாதம் என்று லாரியில் ஏற்றினார்கள்.
கையில் ஒரு வேட்டி, ஒரு மங்குத் தட்டு.
தண்டவாளம் சயாமில் போய்ச் சேர்ந்தது.
மருதமுத்து வந்து சேரவில்லை.
எந்தச் சிலிப்பர்க் கட்டைக்குப் பக்கத்தில் புதைத்தார்கள் என்று
எவரும் எழுதி வைக்கவில்லை.
அப்பாவின் ஐ.சி.யில் மட்டும் இன்னும் இருக்கிறார்.

"மருதமுத்து எங்க தாத்தா சார்," என்றார் புனிதா. "சயாமுக்கு ரயில் பாத போட ஜப்பான்காரன் கொண்டு போறப்ப எங்கப்பா கைக்கொழந்த. இப்ப அவருக்கு எம்பத்தி ரெண்டு. தாத்தா போட்டோ இல்ல, கல்லற இல்ல. அப்பா ஐ.சி.ல வீராசாமி அனாக் லெலாக்கி மருதமுத்துன்னு, மருதமுத்து மகன்னு மலாய்ல இருக்கு பாருங்க, அவ்வளவுதான் தாத்தா. சாவறதுக்குள்ள ஒரு தடவ நாலு பேரு முன்னுக்கு மைக்குல அந்தப் பேர யாராச்சும் சொல்லிக் கேக்கணுமாம் அவருக்கு."

"அதுக்கென்னம்மா, தாராளமா," என்றேன். செயலாளருக்குத் தாராளமா என்று சொல்லத்தான் அதிகாரம் உண்டு. தாராளமாக எதையும் செய்ய அதிகாரம் கிடையாது. அதை நான் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்தில் கவிதையைப் படித்துக் காட்டினேன். பிறகு காந்தன் எழுந்தார்.

"அருமையான கவித. அதனாலதான் பயமா இருக்கு. சோவியத்துல என்னா செஞ்சாங்க? கமிட்டி உக்காந்து கவிதைய வெட்டுனாங்க. அந்தத் தப்பு நம்ம மேடையில நடக்கக் கூடாது. அதனால இதுல வெட்டற மாதிரி எடம் ஏதும் இருக்கான்னு நாமளே முன்னுக்குப் பாத்து எடுத்திறணும். அப்பறம் வெட்ட வேண்டிய அவசியமே வராதில்ல?"

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க நாங்கள் முயன்றோம், முடியவில்லை. அந்த இடத்திலேயே 'சோவியத் தவறுத் தடுப்புத் துணைக்குழு' அமைக்கப்பட்டது. தலைவர், காந்தன், டீச்சர் உறுப்பினர்கள்; குறிப்பெடுக்க நான். சோவியத்தில் கவிஞரைக் கேட்காமல் வெட்டினார்கள் என்பதால், ஜனநாயக முறைப்படி கவிஞரையும் உட்கார வைத்துக்கொண்டே பரிசீலிப்பது என்று தீர்மானித்தோம்.

துணைக்குழு காந்தனின் ஏர்கான் கடையில் கூடியது. வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காகப் பதினாறு டிகிரியில் ஓடும் ஏர்கான் ஒன்று நேராக அடிக்கும் இடத்தில் புனிதாவை உட்கார வைத்தார்கள். வேண்டுமென்று செய்ததல்ல, அங்கேதான் நாற்காலி இருந்தது.

"ஜப்பான்காரர்ங்கற வார்த்த," என்று தலைவர் தொடங்கினார். "குலுக்கலுக்குப் பரிசு குடுக்கறது நம்ம டவுன்ல ஜப்பான் சாமான் விக்கிற கடை மொதலாளி தவுக்கே. அவரு புண்படுவாரு."

"அவரு சீனரு சார்," என்றார் புனிதா. "அவங்க வீட்லயும் ஜப்பான்காரன் காலத்துல செத்திருப்பாங்க."

"அது அவரோட சொந்த விசயம். சாமான் ஜப்பான்து. எடுத்துருவோம். துரை ஓடிப்போனாரும் வேணாம், தோட்டத்து பஸ் வராது."

அடுத்து டீச்சர். "ஒங்க எழுத்துல பவர் இருக்கு, புனிதா. யூ கேன்! ஆனா நெகட்டிவ் ஜாஸ்தி. வந்து சேரல, எழுதி வைக்கல, எல்லாம் இல்ல இல்லன்னு முடியுது. கேக்கறவங்க வீட்டுக்குப் போறப்ப எனர்ஜியோட போகணும்லா."

"செத்தவர எப்படி டீச்சர் எனர்ஜியா எழுதறது?"

"செத்தாருன்னு ஏன் நெனைக்கிறீங்க? பயணம் போனாருன்னு நெனைங்க. அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க எத்தன பேரு வெளிநாட்டுக்குப் போயிருக்காங்க?"

புனிதா தன் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்தேன்.

"சரி சார்," என்றார் அவர் கடைசியில். "எதையும் வெட்டிக்குங்க. மருதமுத்துங்கற பேரு மட்டும் இருக்கட்டும். அப்பா அதுக்காகத்தான் வராரு. இப்பவே சட்டைய அயர்ன் பண்ணி மாட்டி வச்சிட்டாரு."

"பேரு இருக்கும்மா, கவலப்படாதீங்க," என்றார் தலைவர் பெரிய மனதோடு. புனிதா எழுந்து மூவரையும் கும்பிட்டுவிட்டுப் போனார். கவிஞர் மகிழ்ச்சியுடன் இணங்கினார் என்று எழுதிக்கொண்டேன்.

அவர் மோட்டார் முனை திரும்பும் வரை காந்தன் காத்திருந்தார். "பேரப் பத்தி ஒரு சின்ன விசயம்."

"சொல்லுங்க."

"மருதமுத்துன்னு ஒருத்தர் பேர மட்டும் சொன்னா, மத்த தோட்டத்து ஆளுங்க விடுவாங்களா? எங்க தாத்தா சப்பாணிக்கு என்னா கொறைச்சல்னு கேப்பாங்க. இந்த வட்டாரத்துல சயாமுக்குப் போனவங்க வீடு வீட்டுக்கு இருக்கு. எல்லாப் பேரையும் படிச்சா குலுக்கலுக்கு நேரம் இருக்காது."

"அப்ப யாரு பேரும் வேணாம். அதுதான் நியாயம்," என்றார் தலைவர்.

"ஒரு குழுன்னு போட்டுக்கலாம். டீம் ஸ்பிரிட்டும் வந்திரும்," என்றார் டீச்சர்.

அந்தச் சமயத்தில் நான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். கருத்தரங்கில் காந்தன் படிக்கவிருந்த கட்டுரையை நான்தான் தட்டச்சு செய்திருந்தேன். அதில் சோவியத் கமிட்டி கவிஞர்கள் மீது சுமத்திய குற்றங்கள் நான்கு: அழுகை அதிகம், தனி மனிதரின் துக்கம், மேலிடத்தைப் புண்படுத்துகிறது, முடிவில் நம்பிக்கை இல்லை. துணைக்குழுவின் கருத்துகளும் அதே நான்கு, வரிசை மட்டும்தான் வேறு. இதைச் சொல்ல வாயெடுத்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டிற்குப் போய், அந்தப் பத்தியையே நகலெடுத்துக் கூட்டக் குறிப்பில் ஒட்டினேன். தட்டச்சு வேலை மிச்சம்.

கருத்தரங்கு நாள் வந்தது. மண்டபத்தில் இருநூற்றுப் பதினாறு பேர். வாசலில் எல்லாரும் ஐ.சி.யைப் பார்த்து வருகைப் பதிவேட்டிலும் கூப்பனிலும் முழுப்பெயர் எழுதிக் கூப்பனைப் பெட்டியில் போட்டார்கள். முன்வரிசை ஓரத்தில் பெரியவர் வீராசாமி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். காது கேட்கும் கருவியில் புது பேட்டரி போட்டு வந்திருப்பதாக என்னிடம் இரண்டு தரம் சொன்னார்.

காந்தன் சீறினார். "ஒரு மனிதன் தன் சொந்த இழப்பை எழுதினான்! குழு ஒன்று கூடி, உன் கண்ணீர் நாட்டுக்கு எதற்கு என்று கேட்டது! பெயர்களை அழித்தது! துக்கத்தை அழித்தது! தோழர்களே, இதைவிடக் கொடுமை உண்டா?" என்று அவர் கேட்டபோது முன்வரிசையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தலைவரும் துடைத்துக்கொண்டார். டீச்சர் விம்மினார். கண்டனத் தீர்மானம் பலத்த கரவொலிக்கிடையே நிறைவேறியது.

உடனே கவிதை வாசிப்பு. இறுதிப் பிரதியை மேடைப் படியில் வைத்துத்தான் நான் புனிதாவிடம் கொடுத்தேன். முன்பே கொடுத்தால் கேள்வி கேட்பார் என்பது துணைக்குழுவின் முன்னெச்சரிக்கை. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். பெரியவர் கருவியைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார். புனிதா வாசித்தார்:

ஒரு குழு இருந்தது.
இயற்கை எழில் சூழ்ந்த இடத்தில் பணியாற்றியது.
குழு வெளிநாட்டுப் பயணம் மேற்கொண்டது.
போக்குவரத்து வளர்ச்சி கண்டது.
வாருங்கள், நாமும் வளர்வோம்.

பதினைந்து வினாடியில் முடிந்துவிட்டது. புனிதா இறங்கவில்லை. காகிதத்தை மடித்தார், மைக்கைப் பிடித்தார், மூச்சை இழுத்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். "எங்க தாத்தா பேரு..." என்று வாய் திறந்த அதே கணத்தில், ஒன்றரை மணி நேரம் தாமதமாக வரவேண்டிய சிறப்பு விருந்தினரான டத்தோ பட்டக்காரர், சரியாக ஒன்றரை மணி நேரம் தாமதமாக, உறுமி மேளத்தோடு வாசலில் நுழைந்தார். மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. கைதட்டல் டத்தோவுக்கா கவிதைக்கா என்று குறிப்பில் நான் பிரித்து எழுதவில்லை. மேளம் நின்றபோது மைக் டீச்சர் கையில் இருந்தது.

பெரியவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். பக்கத்தில் வந்து அமர்ந்த மகளிடம், "படிச்சியாம்மா? மேளச் சத்தத்துல எனக்குச் சரியா கேக்கல," என்றார்.

புனிதா மடித்த காகிதத்தைக் கைப்பைக்குள் திணித்தார்.

குலுக்கல் தொடங்கியது. மூன்றாம் பரிசு மின்விசிறி, இரண்டாம் பரிசு பிளெண்டர். முதல் பரிசான ரைஸ் குக்கருக்கு டத்தோ பெட்டிக்குள் கையை விட்டு ஒரு கூப்பனை எடுத்து டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் அதைப் பார்த்ததும் சற்றுத் தயங்கித் தலைவரைத் திரும்பிப் பார்த்தார். தலைவருக்கு விவரம் தெரியாது. "முழுப்பேரு டீச்சர், ஐ.சி.ல உள்ளபடி! சத்தமா!" என்று கீழே இருந்து கட்டளையிட்டார்.

"வீராசாமி," என்றார் டீச்சர். "அனாக் லெலாக்கி... மருதமுத்து."

நான்கு ஸ்பீக்கரிலும் அந்தப் பெயர் கேட்டது. பெரியவர் மெதுவாக எழுந்து மேடைக்கு நடந்தார். டத்தோ பெட்டியை நீட்டினார், புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். பெரியவர் பெட்டியை வாங்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லும்மா," என்றார் டீச்சரிடம்.

"என்னா தாத்தா?"

"அந்தப் பேர. கடைசிப் பேர."

டீச்சர் உதட்டைக் கடித்தார். பிறகு, அவரும் மனுஷிதானே, சற்றுக் கரகரத்த குரலில் சொன்னார்: "மருதமுத்து."

பெரியவர் தலையை ஆட்டினார், வந்த காரியம் முடிந்தது என்பதுபோல. அதன் பிறகுதான் பெட்டியைப் பார்த்தார். அதில் அச்சிட்டிருந்த எழுத்தைத் தடவி, "இது எந்த ஊரு சாமான்?" என்று கேட்டார்.

"ஜப்பான் சாமான் தாத்தா. ஒரிஜினல்!" என்றார் டத்தோ பெருமையாக.

"அப்பனக் கொண்டு போனான், சட்டி குடுத்துருக்கான்," என்றார் வீராசாமி. மைக் திறந்தே இருந்தது. "பரவால்ல. எம்பது வருசத்துல ஏதோ ஒன்னு வந்துச்சே."

மண்டபத்தில் யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் ஏனோ நின்றுவிட்டது. புனிதா முன்வரிசையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் ஒலிபெருக்கிச் சுவிட்சைத் தேடுவதுபோல் திரையின் பின்னால் போய் என் அழுகையை முடித்துக்கொண்டேன்.

அக்டோபர் மாதம் மறுஆய்வுக் கூட்டம். முதலில் மாஸ்கோவுக்கு அனுப்பிய கண்டனக் கடிதம் திரும்பி வந்ததை மேசையில் வைத்தேன். உறையின் மேல் முத்திரை குத்தியிருந்தது; அப்படியொரு முகவரியில் யாரும் இல்லை என்று தபால் நிலையத்தில் விளக்கம் சொன்னார்கள்.

"பதில் சொல்ல முடியல பாத்தீங்களா," என்றார் காந்தன். கழகத்தின் வெற்றி என்று பதிவு செய்யப்பட்டது.

அடுத்து, துணைக்குழு நீக்கிய பெயர் ஒன்று அனுமதியின்றி மேடையில் இரண்டு முறை ஒலித்தது எப்படி என்ற விசாரணை. சோவியத்தில் இப்படி நடந்திருந்தால் யாரையாவது சைபீரியாவுக்கு அனுப்பியிருப்பார்கள். நாம் நாகரிகமானவர்கள், நடைமுறையை மட்டும் திருத்துவோம் என்றார் காந்தன். இனிமேல் கூப்பனில் பெயரே வேண்டாம், எண் மட்டும் போதும் என்று தலைவர் முன்மொழிந்தார். டீச்சர் சற்று நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வழிமொழிந்தார். கருத்தரங்கில் சேர்ந்த கூப்பன்களையெல்லாம் கிழித்துப் போட்டுவிடும்படி எனக்கு உத்தரவாயிற்று.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஏகமனதாக என்றால் நானும் கை தூக்கினேன் என்று பொருள்.

கூப்பன்களைக் கிழித்தேன், ஒன்றைத் தவிர. அது என் கடை மேசை இழுப்பறையில், ரோட் டாக்ஸ் பாரங்களுக்கு அடியில் இருக்கிறது. வீரமெல்லாம் ஒன்றுமில்லை, அந்த இழுப்பறையைத் திறந்து பார்க்க இன்னும் துணைக்குழு அமைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

வருகைப் பதிவேட்டைக் கிழிக்கச் சொல்லத் தலைவர் மறந்துவிட்டார். அதுவும் என்னிடம்தான் இருக்கிறது. அந்த ஐந்து வரிக் கவிதை முடிந்ததும் எழுந்து நின்று கை தட்டிய இருநூற்றுச் சொச்சம் பேரும் அதில் ஐ.சி.யில் உள்ளபடி, அப்பா பெயரோடு இருக்கிறார்கள். இதைப் படித்துக்கொண்டு தலைவரையும் காந்தனையும் நினைத்துச் சிரிக்கிறவர்கள் யாராவது நம் வட்டாரத்து ஆளாக இருந்தால், ஒருநாள் கடைப் பக்கம் வாருங்கள். உங்கள் பெயர் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று எடுத்துக் காட்டுகிறேன். முதல் வரியில் என் பெயர்.